மலையில் ஓடும் பழைய அம்பாசடருக்கு டிரம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?

போன மாசியில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டி, அப்பா வாங்கிய 1978 அம்பாசடர் மார்க் 3. பின்சீட்டில் அம்மாவும் சித்தியும். காட்டேரி பூங்கா தாண்டியதும் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கீழே போனது. மரப்பாலத்தில் இரண்டு விரற்கடை. மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்தது. "என்னப்பா இது, அடிப்பிடிச்ச மாதிரி வாசனை வருது?" என்றார் சித்தி. பர்லியார் கடைகளுக்கு முன்னால் ஒதுக்கி நிறுத்தினேன். இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை. வலது சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து கீழே போய்ச் சேர்ந்தோம். வீடு திரும்பியதும் ஆளுக்கொரு யோசனை. "டிஸ்க் மாத்திரு மாமா, இந்தக் காலத்துல யாரு டிரம் வச்சிருக்காங்க?" என்றான் அக்கா மகன். "பூஸ்டர் வச்சா போதும்" என்றார் ஒரு நண்பர். எனக்கு இருபது வருடமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன் மட்டும், "முதல்ல கழட்டிப் பார்க்கலாம் தம்பி, அப்புறம் என்ன மாத்தணும்னு பேசலாம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நான்கு மாதம் விசாரித்து, இரண்டு முறை கணக்குப் போட்டு நான் எடுத்த முடிவையும் அதற்கான காரணங்களையும் எழுதுகிறேன். நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ பழைய அம்பாசடரோ பிரீமியர் பத்மினி காரோ வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் மலை பிரேக்கிடம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். நான்கு பேர் ஏறிய அம்பாசடர் ஏறக்குறைய 1,500 கிலோ. அந்த எடை 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அறுபது லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்கின்றன. மிச்சம் முழுவதும் நான்கு டிரம்முக்குள் சூடாக இறங்குகிறது. சமவெளியில் ஒரு முறை அழுத்தி நிறுத்துவது எந்த பிரேக்குக்கும் பெரிய வேலையில்லை. அரை மணி நேரம் விடாமல் சூடேறிக்கொண்டே வேலை செய்வதுதான் கஷ்டம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் எந்த வழியையும் எடைபோட வேண்டும்.

டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம்; மிதிக்கும்போது ஷூ என்ற வளைந்த தகடுகள் உள்ளிருந்து விரிந்து அதை அழுத்தும். டிரம் சூடானால் விரியும். விரிந்தால் ஷூவிலிருந்து விலகிப் போகும். பெடல் இறங்குவதற்கு முதல் காரணம் இதுதான், ஆறினால் சரியாகிவிடும். இரண்டாவது, ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தன் பிடிப்பை இழப்பது. அப்போது பெடல் கல் மாதிரி கெட்டியாக நிற்கும், வண்டி நிற்காது. மூன்றாவது, பிரேக் ஆயில், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் கொதித்து ஆவியாவது. பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொட்டுவிடும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எனவே உங்களுக்கு நடந்தது இதில் எது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். என் பெடல் இறங்கியது, ஆனால் பஞ்சாகவில்லை. ஆறியபின் பழைய இடத்துக்கு வந்தது. ஒரு பக்கம் இழுத்தது, ஒரு சக்கரம் மட்டும் கொதித்தது. அப்படியானால் வலது முன்சக்கரம் வேலையே செய்யவில்லை, இடது சக்கரம் இருவர் வேலையைச் செய்திருக்கிறது.

கழற்றியபோது அதேதான். வலது முன் டிரம்மைச் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டி உருவினோம். அண்ணன் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் விலக்கினார். தேநீர் நிறத்தில் கொழகொழவென்று ஒரு சொட்டு வழிந்தது. உள்ளே பிஸ்டன் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பெடலை மிதித்தேன்; மேல் சிலிண்டர் அசையவில்லை, கீழ் சிலிண்டர் பாதி மனதோடு நகர்ந்தது. இடது பக்கம் திறந்தால், லைனிங் கண்ணாடி போலப் பளபளத்தது. டிரம்மின் உள்சுவரில் நீல நிறத்தில் திட்டுத்திட்டாக வெந்த அடையாளம். அந்த நீலத் திட்டுகளில் இரும்பு மற்ற இடத்தைவிடக் கடினமாகியிருக்கும், சும்மா உப்புத்தாள் போட்டால் போகாது.

ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் கருந்தூளைக் கம்ப்ரசர் காற்றால் ஊதுவது பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. ஊதவே ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டி எறியுங்கள்.

சரி, இனி வழிகள். என் முன்னால் நான்கு இருந்தன: உள்ளதையே முழுதாகப் புதுப்பிப்பது, மிதியை எளிதாக்கும் வேக்குவம் பூஸ்டர் சேர்ப்பது, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் போடுவது, பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை இரட்டை சர்க்யூட்டாக மாற்றுவது.

டிஸ்க்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோருடைய ஆசையும் அதில்தான். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டை, காலிப்பர் என்ற கவ்வி இரு புறமும் பேடு வைத்து அழுத்திப் பிடிப்பதுதான் டிஸ்க் பிரேக். அதன் நன்மைகள் உண்மையானவை. வெப்பம் திறந்த காற்றில் உடனே போய்விடும். சூட்டில் டிஸ்க் விரிந்தாலும் பேடிலிருந்து விலகாது, எனவே பெடல் இறங்காது. மழையில் நனைந்தால் இரண்டு மிதியில் காய்ந்துவிடும். இன்னொன்றும் மலையில் முக்கியம். என் வண்டியின் முன் டிரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், இரண்டு ஷூவும் முன்னோக்கிய சுழற்சியைத் தாங்குகிறபடி வைத்தவை. டிரம் சுழலும்போது அதுவே ஷூவை இழுத்துத் தன்மேல் இன்னும் அழுத்திக்கொள்ளும். அதனால்தான் பூஸ்டர் இல்லாமலே அந்தக் கனமான வண்டி நிற்கிறது. ஆனால் வண்டி பின்னோக்கி உருண்டால் இந்த உதவி தலைகீழாகிவிடும். முன் பிரேக்கின் பிடி வெகுவாகக் குறையும். கோத்தகிரி ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் நழுவிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது தெரியும். டிஸ்க்குக்கு முன் பின் என்ற பேதமில்லை.

இவ்வளவு இருந்தும் நான் டிஸ்க் போடவில்லை. அந்தத் தானாக அழுத்திக்கொள்ளும் குணம் டிஸ்க்குக்குக் கிடையாது. அதே மிதிக்கு அதே பலன் வேண்டுமானால் பூஸ்டர் கட்டாயமாகிறது. டிரம் பிரேக்கின் குழாயில் சிறு அழுத்தம் எப்போதும் தங்கும்படி மாஸ்டர் சிலிண்டரில் ஒரு வால்வு இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் மாட்டினால் பேடு எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும், மலை இறங்கும் முன்னே சூடாகிவிடும். காலிப்பருக்கு ஆயில் அளவும் அதிகம், ஆக மாஸ்டர் சிலிண்டரும் மாற வேண்டும். முன்னால் பிடிப்பு மாறினால் பின்னால் உள்ள டிரம்மோடு சமன்பாடு மாறும். ஈரமான கொண்டை ஊசி வளைவில் எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்பது சின்ன விஷயமில்லை. பின்னாளில் வந்த அம்பாசடர்களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது. அந்த வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில், ஹப், காலிப்பர், பூஸ்டர், மாஸ்டர் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுத்து ஏற்றினால் ஓரளவு நம்பலாம். எனக்குக் காட்டப்பட்டது அப்படிப்பட்டதல்ல. ஒரு வண்டியின் காலிப்பர், வேறொரு வண்டியின் டிஸ்க், நடுவில் லேத்தில் வெட்டிய ஒரு இரும்புத் தகடு. அந்தத் தகட்டின் வெல்டிங்கை நம்பி அம்மாவை உட்கார வைத்து மலை இறங்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது கேள்வி வரலாம். 2021-இல் வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவும் வந்தது: முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவத்தில் பராமரித்த சொந்த வண்டிகளுக்கு. என் வண்டிக்கு 2028-இல் அந்த வயது. அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது என்பதால் எனக்கு அதில் பெரிய ஆசையில்லை. ஆனால் அப்படி நினைக்கிறவர்கள், மூல வடிவத்தைக் கலைக்கும் எந்த வேலைக்கு முன்னும் யோசிக்க வேண்டும்.

பூஸ்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கால் வலி இருப்பவர்களுக்கு, வயதானவர்களுக்கு நல்லது. மற்றபடி அது மிதியைத்தான் எளிதாக்கும், டிரம்மின் சூட்டை ஒரு டிகிரிகூடக் குறைக்காது. என் நண்பர் இதை ஒத்துக்கொள்ள வெகு நேரமாயிற்று. உயரமும் இதில் குறுக்கே வருகிறது. ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். வெளிக்காற்றுக்கும் எஞ்சினின் வேக்குவத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பூஸ்டரின் பலம், அதுவும் அதே அளவுக்குக் குறையும். டீசல் வண்டியென்றால் தனி வேக்குவம் பம்ப் வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்கும் பழக்கம் உள்ளவர்கள் கையில் பூஸ்டர் வைத்த வண்டி இன்னும் ஆபத்து. இரண்டு மூன்று மிதிக்கு மேல் உதவி இருக்காது, அப்புறம் பெடல் திடீரென்று கனக்கும்.

இனி நான் தேர்ந்த வழி. உள்ளதைப் புதுப்பிப்பது என்று ஒரு வரியில் சொன்னாலும், உள்ளே பல சின்ன முடிவுகள் இருக்கின்றன. பணம் வீணாவதும் உயிர் தப்புவதும் இங்கேதான்.

வீல் சிலிண்டர். மூன்று வழி உண்டு: உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் கிட் மட்டும் மாற்றுவது, உட்சுவருக்கு ஸ்லீவ் என்ற புதுக் குழாய் செருகுவது, புதிதாக வாங்குவது. சிலிண்டரின் உட்சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் உட்சுவரை லேசாகத் தேய்த்து வழவழப்பாக்கி (ஹோன் பண்ணி) கிட் போட்டால் போதும். நகம் ஒரு குழியில் மாட்டினால் கிட் போடுவது தண்டம். ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகும், அதுவும் லைனிங் மேல். வலது பக்க இரண்டு சிலிண்டரிலும் எனக்கு நகம் மாட்டியது. புதியது சந்தையில் கிடைக்கிறது, ஆனால் கையில் எடுத்தவற்றில் ஒன்றில் பிஸ்டன் சுற்றும்போதே கடித்தது. எனவே பழைய வார்ப்பையே கோயம்புத்தூருக்கு அனுப்பி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டு வாங்கினேன். பனியும் சாரலும் மாறி மாறி வரும் ஊரில் துருப்பிடிக்காத உட்சுவர் கிடைப்பது பெரிய நிம்மதி. காத்திருக்க முடியாதவர்கள் புதியதை வாங்கலாம். மாட்டும் முன் பிஸ்டனை விரலால் தள்ளிச் சோதித்து வாங்குங்கள்.

டிரம். கடைசல் பிடிக்கும் முன் உள்விட்டத்தை அளக்க வேண்டும். பல டிரம்களில் அதிகபட்ச விட்டம் வார்ப்பிலேயே இருக்கும். பொதுவாக மூல அளவைவிட ஒன்றரை மில்லிமீட்டர்தான் கூடலாம். அதற்கு மேல் போனால் சுவர் மெலிந்து, சூட்டில் இன்னும் சீக்கிரம் விரியும். மலைக்காரர்களுக்குத் தடித்த டிரம் தங்கம் மாதிரி. இடது டிரம் நீலத் திட்டு போகும்வரை கடைந்தால் அளவு தாண்டும் என்று தெரிந்தது, அதனால் வேறு நல்ல டிரம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஒரே ஆக்சிலில் இரண்டு டிரம்மும் ஒரே விட்டத்துக்குக் கடைய வேண்டும். இல்லையென்றால் மறுபடி ஒரு பக்கம் இழுக்கும்.

லைனிங். ரிவெட் அடித்ததா, பசையில் ஒட்டியதா? ஒட்டியதில் கடைசிவரை தேய்த்துக்கொள்ளலாம், ரிவெட் தலை டிரம்மைக் கீறும் பயமில்லை. ரிவெட் அடித்ததை ஊரிலேயே மாற்றலாம், மிகுந்த சூட்டிலும் ஷூவிலிருந்து பிரிந்து வராது என்ற தைரியம் உண்டு. நன்றாக ஒட்டிய லைனிங்கும் பிரியாதுதான், ஆனால் ஒட்டும் அடுப்பும் அழுத்தமும் சரியாக இருந்ததா என்று நம்மால் கண்ணால் பார்க்க முடியாது. ரிவெட்டைப் பார்க்கலாம். நான் ரிவெட் எடுத்தேன். எது எடுத்தாலும் கடைந்த டிரம்மின் வளைவுக்கு ஷூவை உரசிப் பொருத்தச் சொல்லுங்கள். அண்ணன் டிரம்முக்குள் சாக்பீஸ் தடவி, ஷூவை வைத்து ஒரு தடவை தேய்த்து எடுத்தார். வெள்ளை நடுவில் மட்டும் ஒட்டியிருந்தது, இரு ஓரமும் கறுப்பாகவே நின்றன. உப்புத்தாளில் நடுவைத் தேய்த்து, மறுபடி சாக்பீஸ், மறுபடி தேய்ப்பு. ஐந்தாவது முறை வெள்ளை முழு நீளத்துக்கும் படர்ந்தது. அரை நாள் வேலை. இதைச் செய்யாத பட்டறையில் புது லைனிங் போட்டால் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு உங்களுக்குக் கிடைப்பது பாதி பிரேக்தான்.

ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கிச் சுருங்கியிருக்கும். மிதிக்கும்போது ஆயிலை அனுப்பும், விடும்போது திருப்பி அனுப்பாது. சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும். பழைய வண்டியில் கேள்வியே கேட்காமல் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று தரங்கள் உண்டு. டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் உறிஞ்சியபின் 140-க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. இங்கே ஐப்பசி கார்த்திகையில் வீட்டுச் சுவரே வியர்க்கிறது, ஆயில் எம்மாத்திரம்! நான் டாட் 4 ஊற்றி, வருடம் ஒரு முறை தை மாதத்தில் மாற்றுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் வாஷர் எல்லாம் ஊதிப்போகும்.

நான்காவது வழியான இரட்டை சர்க்யூட்டைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், எல்லாவற்றையும் பார்த்தபின் நான் பணம் போட்டது இதில்தான். என் வண்டியில் ஒரே சர்க்யூட். எங்கேயோ ஒரு குழாய் ஓட்டையானால் நான்கு சக்கரமும் போச்சு. டேண்டம் எனப்படும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரில் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி அறை. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும், பெடல் கீழே போனாலும் வண்டி நிற்கும். இதே சரிவில் 1899 முதல் ஓடும் மலை ரயிலில் இன்றைக்கும் பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் நிற்கிறார், எஞ்சினின் பிரேக்கை மட்டும் நம்பி விடுவதில்லை. வெளித்தோற்றத்தில் எதுவும் மாறாது, டிரம் அப்படியே இருக்கும், வேண்டுமென்றால் பழையதைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது இரண்டு: சிலிண்டரின் உள்விட்டம் பழையதற்கு இணையாக இருக்க வேண்டும், டிரம்முக்கான அந்த அழுத்த வால்வு இரு பக்கமும் இருக்க வேண்டும். இதுவும் மாற்றம்தான், எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.

செலவைப் பொறுத்தவரை, எனக்குச் சொன்ன டிஸ்க் விலையில் பாதிக்கும் கீழே டிரம் புதுப்பிப்பும் டேண்டம் சிலிண்டரும் சேர்ந்து முடிந்தன.

எல்லோருக்கும் இதே முடிவு என்று சொல்லமாட்டேன். தினமும் சரக்கேற்றிக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவில் இறங்குகிறவர், முழு செட்டாக டிஸ்க் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். ஊட்டிக்குள்ளேயே ஓட்டி, வருடம் இரண்டு முறை கீழே போகிறவருக்குப் புதுப்பித்த டிரம்மே மிகுதி. நல்ல டிரம்மே கிடைக்காத மாடல் என்றால் வேறு வழியில்லை, டிஸ்க்தான்.

எந்த வழியில் போனாலும் பராமரிப்பு உங்கள் கையில். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை சக்கரத்தைத் தூக்கி, டிரம்மில் உள்ள துளை வழியே, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும்வரை திருகி, அது சுதந்திரமாகச் சுழலும்வரை ஒரு கிளிக் பின்னால் விடுங்கள். முன்னால் சக்கரத்துக்கு இரண்டு அட்ஜஸ்டர்; இரண்டாவதை மறந்துவிடுகிற மெக்கானிக்குகள் அதிகம். ஹேண்ட் பிரேக் கேபிளைத் திருகுவது பின் ஷூவைச் சரிசெய்தபின்தான். பனிக்கால இரவில் ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தால் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள், காலையில் அந்தக் கல்லை ரோட்டோரம் எடுத்துப் போடுங்கள். இறங்கும்போது காலை பெடலில் வைத்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, ஆறவிட்டு, மறுபடி அழுத்துங்கள். இந்த கியர்பாக்ஸில் முதல் கியருக்கு, ஓட்டத்தில் பற்களை இணக்கமாகச் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது, ஓட்டத்தில் விழாது. எனவே இரண்டாவது கியரைச் சரிவு தொடங்கும் முன்னே போட்டுவிட வேண்டும்.

புது லைனிங் உட்கார முந்நூறு கிலோமீட்டர் அருவங்காடு, வெலிங்டன், கேத்தி என்று பக்கத்திலேயே ஓட்டினேன். பிறகு ஆனியில் ஒரு ஞாயிறு, அதே அம்மா, அதே சித்தி, அதே சாலை. பர்லியாரில் நிறுத்தி முதலில் இடது சக்கரத்துக்கு அருகே புறங்கையைக் காட்டினேன், பிறகு சுற்றி வந்து வலதுக்கு. இரண்டிலும் ஒரே சூடு. சித்தி கடையில் மங்குஸ்தான் பேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பெடலை மிதித்துப் பார்த்தேன். குன்னூரில் இருந்த அதே உயரத்தில் நின்றது.